அறுவடை முடிந்த தோட்டத்தில் களை: அறிகுறியைப் பார்த்து வைத்தியம்

சிறுபோக மிளகாயில் கடைசிப் பழமும் ஆய்ந்தாயிற்று. கத்தரி கிழடு தட்டிவிட்டது. பயற்றங்கொடி பந்தலோடு காய்ந்து தொங்குகிறது. ஆவணி மாதத்துச் சோளகம் புழுதியை அள்ளி முகத்தில் வீசுகிறது. வன்னியில் இந்த நேரத்தில் தோட்டத்துப் படலையைக் கட்டிவிட்டு, இனி மழைக்குப் பிறகு பார்ப்போம் என்று போய்விடுகிறவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஐப்பசியில் திரும்பிப் போனால் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாது.

அறுவடைக்கும் மாரி மழைக்கும் நடுவில் கிடைக்கிற ஆறேழு கிழமை களைக்கு ஆகாத காலம். வெயில் காசில்லாமல் வேலை செய்யும். ஆனால் ஒரு களையைக் கொல்கிற வேலை இன்னொரு களையை நூறாகப் பெருக்கிவிடும். அதனால் என்ன களை என்று பார்க்காமல் உழவு மெஷின் கூப்பிட வேண்டாம். நான் எழுதுவது மேட்டுக்காணித் தோட்டத்துக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண்ணை வைத்துச் சொல்கிறேன். முருங்கன் பக்கத்துக் கருங்களியில் மண் காய எடுக்கும் நாள் வேறு. நெல்வயல் களை முற்றிலும் வேறு கதை.

முதலில் நாலு இடத்தில் கொத்திப் பாருங்கள்

தோட்டத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு வெட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு. மண்ணைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கறுப்பாக, கொட்டைப்பாக்கை விடச் சின்னதாக, நூலில் கோத்த மணி போலக் கிழங்கு வந்தால் கோரை. நகத்தால் கீறி மணந்தால் ஒரு வாசனை இருக்கும், அதை வைத்தே சொல்லிவிடலாம். கணுக்கணுவாக வெள்ளைத் தண்டு மண்ணுக்குள் ஓடினால் அறுகு. கிழங்கும் இல்லை, ஓடுதண்டும் இல்லை, ஒவ்வொரு செடிக்கும் ஒற்றை ஆணிவேர்தான் என்றால் அது விதைக்களை. அதைச் சமாளிப்பது எளிது. ஒரே காணியில் மூன்றும் இருக்கலாம். அப்போது மூலைக்கு மூலை வைத்தியம் மாறும்.

அறிகுறி: செருக்கி நாலாம் நாளே ஊசி ஊசியாகத் திரும்ப முளைக்கிறது

கோரை. இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் தோட்டக்காரரின் நாரியை முறிப்பது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் என் அரை ஏக்கரின் கிழக்குப் பக்கத்தில் கால் பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கோரை இருந்தது. கார்த்திகை கடைசியில் மழை கொஞ்சம் விட்டதும், ஈரத்தோடு ஈரமாக லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினைப் பிடித்து, சுழல்கத்தி ரொட்டவேட்டர் போட்டு முழுக் காணியையும் மாவாக அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. பக்கத்துக் காணி அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, கோரை நிண்ட இடத்தையும் சேர்த்தே அடிச்சனீங்கள்?”

“ஓம் அம்மா, எல்லாம் ஒரே அடியாய் முடிஞ்சுது.”

“முடியேல்லத் தம்பி. இப்பதான் விதைச்சிருக்கிறீங்கள்.”

தை பிறக்கும்போது முழு அரை ஏக்கரும் கோரை.

நடந்தது இதுதான். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாக இணைந்திருக்கும். சங்கிலி அறாமல் இருக்கும் வரை நுனியில் இருக்கிற கிழங்குதான் முளைக்கும், மற்றவை உறங்கும். கத்தி போட்டு வெட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஈர மண் அதற்குத் தொட்டில். ரொட்டவேட்டர் அந்தத் துண்டுகளை மூலை முடுக்கெல்லாம் பரப்பியும் விட்டது. காசு கொடுத்துக் கோரை நட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கிழங்கு வெயிலில் ஈரம் வற்றினால் செத்துவிடும். ஆகவே வேலை முழுக்கக் கோடையில்தான், அதுவும் தண்ணீர் மறித்த பிறகுதான். கடைசித் தண்ணீர் இறைத்து இரண்டு கிழமையாவது போகட்டும். மண் தூளாகாமல் கட்டி கட்டியாகப் பெயர வேண்டும். கிழங்கின் பெரும்பகுதி மேலே உள்ள ஒரு சாணுக்குள்தான் இருக்கும், அதனால் அந்த ஆழத்துக்குப் போனால் போதும். கொத்துக்கலப்பை போட்டு உழுவது நல்லது. சின்ன இடம் என்றால் மண்வெட்டியால் கொத்திக் கட்டிகளைப் புரட்டிப் போடுங்கள். கட்டியை உடைக்க வேண்டாம். உடைத்தால் கிழங்கு புழுதிக்குள் போய் நிழலில் ஒளிந்துகொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் படட்டும். பிறகு குறுக்காக இன்னொரு தடவை. முடிந்தால் மூன்றாவது தடவையும். இடையில் வாழைக்கு என்று இறைக்கிற தண்ணீர் கசிந்து அந்தப் பக்கம் வராமல் வாய்க்காலை மறித்துவிடுங்கள். ஒரு நாள் நனைந்தால் பத்து நாள் வேலை வீண்.

மேலே கிடக்கிற கிழங்கை வாளியில் பொறுக்குவதும் வீண்போகாது. பிள்ளைகளுக்கு வாளிக்கு இவ்வளவு என்று காசு பேசினால் விடுமுறையில் நன்றாகவே பொறுக்குவார்கள். இந்த வேலையில் காட்டுப்பன்றியும் கெட்டிக்காரன். இரவில் வந்து கோரைக்கிழங்கைக் கிண்டித் தின்னும். ஆனால் அதோடு நிற்காது, மரவள்ளியையும் கிண்டிவிட்டுத்தான் போகும். ஆகவே பன்றியை நம்பி வேலியைத் திறந்து வைக்க வேண்டாம்.

வேலை பலித்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வாளி மண்ணை அரித்து இருபது கிழங்கு எடுங்கள். ஈரச் சாக்குத் துணியில் சுற்றி நிழலில் பத்து நாள் வையுங்கள். இரண்டு மூன்று மட்டும் முளைத்தால் பரவாயில்லை. பத்துக்கு மேல் முளைத்தால் இன்னொரு உழவு தேவை. வெட்டிப் பார்த்தும் சொல்லலாம்: உள்ளே வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. கபிலமாக, சக்கையாக இருந்தால் முடிந்தது.

மழை தொடங்கியபின் மிச்சம் மீதி முளைக்கும். அதற்குச் செருக்குதல்தான். ஆனால் முறை தவறக்கூடாது. முளைத்து மூன்று கிழமை அளவில் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கும், அதற்கு முன் தலையை எடுக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை உழவாரம் போட்டால் பழைய கிழங்கில் இருக்கிற சத்து குறைந்துகொண்டே போகும். ஒரு மாதம் விட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

கறுப்புப் பொலித்தீன் விரித்தால் மற்றக் களை அடங்கும், கோரை அடங்காது. ஊசிமுனையால் பொலித்தீனையே குத்திக்கொண்டு வரும். காசை வீணாக்க வேண்டாம். நிழல்தான் அதற்கு எதிரி. கோரை நின்ற மூலையில் அடுத்த போகம் வெங்காயமோ மிளகாயோ வைக்காமல் பூசணி, வற்றாளை, கௌப்பி போலத் தரையை மூடுகிற பயிர் வையுங்கள். வெங்காயம் நிழலே தராது, கோரைக்கு அது கொண்டாட்டம்.

களைநாசினி பற்றிக் கேட்பீர்கள். கிளைபோசேட்டை 2015இல் இலங்கையில் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள், 2022இல் தடையை நீக்கினார்கள். இப்போது கிடைக்கிறது என்பதற்காகக் காய்ந்த காணியில் அடித்துப் பயன் இல்லை. அது பச்சை இலை வழியாக உள்ளே இறங்கிக் கிழங்குக்குப் போக வேண்டிய மருந்து. ஆவணியில் புழுதி படிந்து வாடிப்போன கோரையில் அடித்தால் இலை மட்டும் கருகும், கிழங்கு சிரிக்கும். அடிப்பதென்றால் பயிர் இல்லாத காணியில், மழைக்குப் பிறகு தளதளவென்று நிற்கும்போது, காற்று இல்லாத காலையில். அளவைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், கடையில் கேட்க வேண்டாம். என் காணியில் வெயிலே போதுமாக இருந்தது. இரண்டு கோடை எடுத்தது, அது உண்மை.

அறிகுறி: வரம்பிலிருந்து கை நீட்டி உள்ளே படர்கிறது

அறுகு. இதுவும் துண்டாக்கினால் பெருகும் சாதிதான், ஆனால் கிழங்கு இல்லாததால் கோரை அளவுக்குப் பிடிவாதம் இல்லை. காய்ந்த மண்ணில் முள்ளுக் கலப்பையோ மண்வெட்டியோ போட்டுக் கிளப்பி, வாரியால் இழுத்துக் குவித்து, வெளியே கொண்டுபோய் வெயிலில் காயப் போடுங்கள். மாடு இருந்தால் மாட்டுக்குப் போடலாம். பச்சையாகக் கூட்டெருக் குவியலில் போட்டால் அங்கேயே வேர்விட்டு, அடுத்த வருடம் எருவோடு தோட்டத்துக்கு நடந்து வரும்.

தோட்டத்துக்குள் எவ்வளவு பிடுங்கினாலும் வரம்பை விட்டால் திரும்ப வரும். வரம்புக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெறும் தரையாகச் செருக்கி வைத்திருங்கள், அந்த எல்லையைத் தாண்டுகிற கொடியை வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். பிள்ளையாருக்கு என்று கிணற்றடியில் ஒரு பிடி விட்டுவைப்பது உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் விட்டிருக்கிறோம், அதையும் கல் வைத்துக் கட்டியிருக்கிறோம்.

அறிகுறி: முதல் மழைக்குப் பத்தாம் நாள் பச்சைப் பாய் விரித்தது போல முளைக்கிறது

சாரணை, முள்ளுக்கீரை, நாயுருவி, குப்பைமேனி, இன்னும் பெயர் தெரியாத பத்துப் பூண்டு. எல்லாம் விதையிலிருந்து வருவது. போன போகத்தில் கடைசி ஒரு மாதம் களை எடுக்காமல் விட்டதன் கணக்கு இது. ஒரு முள்ளுக்கீரை முற்றவிட்டால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

மண்ணில் விதை இருப்பதை மாற்ற முடியாது. அதை நமக்கு வசதியான நேரத்தில் முளைக்க வைத்துக் கொல்லலாம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே பாத்தியை மட்டப்படுத்தி, பயிர் நட்டிருப்பது போலவே தண்ணீர் விடுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் முளைக்கும். இரண்டு இலை விட்டதும் வெயில் ஏறுகிற காலை நேரத்தில் உழவாரத்தால் மேலோடு மேலாகச் செருக்குங்கள். விரல் நகத்து ஆழம் போதும். திரும்பத் தண்ணீர், திரும்பச் செருக்கு. இரண்டு சுற்று முடிந்தால் பாதிக்கு மேல் குறைந்திருப்பதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

இதில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. இரண்டு சுற்றும் ஒழுங்காகச் செய்துவிட்டு, நடுகிற அன்று மண்ணைப் பொலபொலப்பாக்குவோம் என்று ஆழக் கொத்திவிடுவார்கள். அடியில் உறங்கிய பழைய விதை வெளிச்சத்துக்கு வந்துவிடும், செய்த வேலை அத்தனையும் போச்சு. கொத்துகிற வேலையை முதலிலேயே முடியுங்கள். கடைசியில் நாற்று வைக்கிற குழியை மட்டும் தோண்டுங்கள்.

நாற்றுமேடை போன்ற சின்ன இடத்துக்கு வேறு வழி உண்டு. மண்ணை நன்றாக நனைத்து, நிறமற்ற பொலித்தீனை இழுத்து விரித்து, நாலு பக்கமும் மண் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி, நாலு முதல் ஆறு கிழமை வெயிலில் விடுங்கள். உள்ளே சூடு ஏறி மேல்மண்ணில் இருக்கும் விதை அவிந்துவிடும். கறுப்புப் பொலித்தீன் இதற்கு அவ்வளவு சரிவராது. கோரைக்கிழங்குக்கும் இதை நம்ப வேண்டாம்.

இளஞ்சாரணையும் முள் வைக்காத முள்ளுக்கீரையும் களை என்று எறிய வேண்டியதில்லை. தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தால் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஆகும். மருந்து அடித்த காணியில் பிடுங்கியதென்றால் வேண்டாம்.

அறிகுறி: கரட் இலை போல இலை, குட்டி வெள்ளைப் பூ, பிடுங்கிய கை கடிக்கிறது

பார்த்தீனியம். இந்திய அமைதிப்படை வந்த காலத்தில் ஆடுகளோடும் சாமானோடும் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அது வேரூன்றிவிட்டது. இலங்கையில் தடுக்கப்பட்ட களை, உங்கள் காணியில் வளரவிடுவது உங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை.

வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் கடிக்கும், சிலருக்குத் தடித்துப் புண்ணாகும், இழுப்பு உள்ளவர்களுக்குப் பூந்தூள் ஆகாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுங்கள். கத்தியால் அறுத்துவிட்டால் அடியிலிருந்து கிளைத்துத் திரும்பப் பூக்கும். முளைத்து ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். அதனால் பூ வருமுன் பிடுங்குவதுதான் வேலை, பூத்தபின் பிடுங்குவது விதை தூவுவது. பூத்தது கண்ணில் பட்டால் செடிக்கு மேல் சாக்கைக் கவிழ்த்து, சாக்கோடு இழுத்து, வாயைக் கட்டி வெயிலில் காயவிட்டு எரியுங்கள். எங்கே எரிப்பது என்பதைப் பற்றிக் கீழே ஒரு சொல் இருக்கிறது, அதையும் வாசியுங்கள்.

இது தானாக நடந்து வருவதில்லை. வெளியூரில் உழுது வந்த மெஷினின் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணில் வரும். கிரவலிலும் மணல் லோட்டிலும் வரும். மெஷின் காணிக்குள் இறங்குமுன் கலப்பையைக் கழுவச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அறிகுறி: எரு போட்ட பாத்தியில் மட்டும் புதுக்களை

பட்டியிலிருந்து அள்ளிய சாணியை அப்படியே போட்டிருக்கிறீர்கள். மாடு தின்ற புல்லின் விதை வயிற்றைத் தாண்டி உயிரோடு வரும். எருவைக் குவித்து, நனைத்து, இரண்டு மூன்று தடவை புரட்டி, கையை உள்ளே வைக்க முடியாத சூடு வந்து தணிந்தபின் போடுங்கள். மூன்று மாதமாவது ஆகும். ஐயம் இருந்தால் ஒரு சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நாள் பாருங்கள். முளைத்தால் இன்னும் ஆறவில்லை. வயலிலிருந்து ஏற்றிய வைக்கலுக்கும் இதே சோதனை பொருந்தும்.

அறிகுறி: களை போய்விட்டது, ஆனால் புதுக்கன்றின் இலை சுருளுகிறது

இரண்டு காரணம் இருக்கலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கன்றுகள் வரிசையாக, ஒரே நாளில், ஒரே பக்கத்தில் சுருண்டிருந்தால், குருத்து இலை நூல் போல ஒடுங்கியிருந்தால், மருந்து பட்டிருக்கிறது. பக்கத்து வயலில் அகன்ற இலைக் களைக்கு எம்.சி.பி.ஏ. அடித்தபோது காற்று இந்தப் பக்கம் வந்திருக்கும். அல்லது வயலுக்கு அடித்த அதே டாங்கியை இரவல் வாங்கி மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடித்திருப்பீர்கள். அடியில் தங்கிய சொட்டு போதும், மிளகாயும் கத்தரியும் தக்காளியும் அதைத் தாங்காது. சவர்க்காரத் தண்ணீரில் மூன்று தடவை அலசினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. களைநாசினிக்கு ஒரு டாங்கி, பூச்சிமருந்துக்கு ஒரு டாங்கி, இரண்டுக்கும் வேறு நிறத்தில் பெயின்ற் பூசி வைத்திருக்கிறேன்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவினால் அது பூச்சியும் அது காவும் வைரசும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெண்ஈயோ பேன் போன்ற பனிப்பூச்சியோ இருக்கும். அவை கோடை முழுக்க எங்கே இருந்தன என்று கேட்டால், நீங்கள் பிடுங்காமல் விட்ட கிழட்டுக் கத்தரியிலும் வேலியோரக் களையிலும்தான். கடைசிக் காய் ஆய்ந்து முடிந்த கிழமையே பழைய பயிரை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. அந்த வேரைக் காணிக்குள் விடாதீர்கள், அந்த இடத்தில் அடுத்த தடவை கத்தரி, தக்காளி, வெண்டி வைக்கவும் வேண்டாம்.

அறிகுறி: ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கினிப்புல்

வெட்டினால் மாட்டுத் தீன். போக வேண்டுமென்றால் தூரை அலவாங்கால் கிளப்ப வேண்டும், வேறு வழி இல்லை. உள்ளே கை விடுமுன் தடியால் தட்டுங்கள், கண்ணாடிப் புடையன் பாம்புக்கு அந்த நிழல் பிடிக்கும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

நெருப்பு வைத்தால் ஒரே நாளில் முடியும் என்று தோன்றும். நீண்ட காலம் பயிர் செய்யாமல் கிடந்த காணி, பழைய பதுங்குகுழிப் பக்கம், மண் அணைப் பக்கம் என்றால் நெருப்பு வைக்கவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய காணியிலும் எப்போதோ விழுந்த ஒரு செல் குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்துவிடலாம். தெரியாத இரும்பு ஏதாவது மண்வெட்டியில் தட்டுப்பட்டால் எடுக்காமல், இன்னொரு வெட்டுப் போடாமல், வந்த காலடியிலேயே பின்வாங்கி, இடத்துக்கு அடையாளம் வைத்துப் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். குப்பையை எரிப்பதென்றால் பல வருடமாகப் பயிர் செய்கிற இடத்தில், மண்ணுக்கு மேல் தகரம் போட்டு எரியுங்கள்.

அறிகுறி: ஒன்றும் செய்து முடிக்கவில்லை, அதற்குள் மழை வந்துவிட்டது

புரட்டாசி நடுவிலேயே சில வருடம் ஒரு பாட்டம் கொட்டிவிடும். அப்போது ஈர மண்ணில் அவசரப்பட்டு ரொட்டவேட்டர் போட வேண்டாம், என் கதையை மேலே சொன்னேன். நடப் போகிற பாத்தியை மட்டும் பிரித்தெடுத்து அதில் செருக்கும் வேலையைச் செய்யுங்கள். மிச்சக் காணியில் சணல் (சணப்பு) விதையை நெருக்கமாக வீசிவிடுங்கள். வேகமாக எழும்பிக் களைக்கு வெளிச்சம் விடாது. மஞ்சள் பூ தலைகாட்டத் தொடங்கும்போது, தண்டு முற்றுமுன், வெட்டி மண்ணுக்குள் புதைத்தால் பசளையும் ஆகும். சணல் விதை கிடைக்காவிட்டால் கௌப்பி. அதுவும் இல்லாவிட்டால் கிளிசறியாக் குழையை வெட்டி, வைக்கலோடு சேர்த்து ஒரு சாண் உயரத்துக்கு மூடிவிடுங்கள். கோரை நிற்கிற மூலையை மட்டும் மூடாமல் கண்ணில் படும்படி விட்டு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை உழவாரத்தோடு போய் வாருங்கள்.